இருபத்திரண்டு தோணிகள்

அந்தக் கடற்கரையில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற ஆண்கள் இடது கையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழக்கம். வலது கை சம்பாதிக்கும், இடது கை குடும்பத்தோடு இருக்கும். மாலத்தீவில் ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தபோது அருளப்பனும் அப்படித்தான் செய்தான். பெட்டியைக் கட்டி முடித்து, பயணச் சட்டையை மாட்டுவதற்கு முன், மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே கழற்றி மனைவி அமலபுஷ்பத்தின் மடியில் வைத்தான்.

"நகம் சீக்கிரமா வளரும். பாத்துக்கோ" என்றான்.

இஸ்திரி போட ஒரு கை போதும். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கை உள்ளறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், ஒரு சின்னத் தலையணை மேல் இருந்தது. புஷ்பம் அதைப் பூட்டி வைக்கவில்லை, பூப்போட்டும் வைக்கவில்லை. வெயில் காலத்தில் ஈரத்துணியால் துடைத்தாள். சனிக்கிழமை நகம் வெட்டினாள். தினமும் காலை ஆறு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையில் தன் கட்டைவிரலால் நாலு முறை தேய்ப்பாள். அவன் ஊரில் இருந்த காலத்திலும் அவனை எழுப்புவது அப்படித்தான்.

தொட்டால் சேதி அவனுக்குப் போகும். மணிக்கட்டிலிருந்து புறப்படும் நரம்பு பின்வாசல் வழியாக இறங்கி உப்பளத்துக்குள் நுழைகிறது. அங்கே அது முழங்காலளவு ஆழமுள்ள ஓர் ஓடை. இரண்டு பக்கமும் கரை, கரை நெடுக மடைகள். ஓடைக்கு வெளியே வெள்ளை உப்பு குவிந்து கிடக்கும். உள்ளே சாம்பல் உப்பு. வெள்ளை உப்புக்கு எப்போதும் உள்ளே வரத்தான் ஆசை. மடையில் முட்டிக்கொண்டே நிற்கும். கசிந்து வந்ததைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கூடை வெள்ளை வெளியே போனால் இரண்டு கூடை சாம்பல் உள்ளே வர வேண்டும். இப்படிச் செய்தால்தான் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எழுபது குறைவாக நிற்கும். எழுபது என்ன என்று யாரும் கேட்பதில்லை. மடைக்கு மடை ஓர் அளவுகோல் நட்டிருக்கிறது. அதில் எழுபது காட்டினால் நரம்பு படுத்திருக்கிறது, ஆனால் தூங்கவில்லை என்று அர்த்தம்.

சேதி வரும்போது முந்தைய மடையின் கலக்கம் வந்து இந்த மடையின் அளவைக் குறைக்கும். அறுபதுக்கு இறங்கினாலும் மடை அசையாது. ஐம்பத்தாறில் நின்று கெஞ்சினாலும் அசையாது. ஐம்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் முழுசாகத் திறந்துவிடும். பாதி திறப்பது, ஒருக்களித்துத் திறப்பது என்ற பேச்சே இல்லை. வெள்ளை உப்பு ஹோவென்று உள்ளே பாயும், அந்தக் கலக்கம் அடுத்த மடையைத் தட்டும். பின்னாலேயே சாம்பல் உப்பு வெளியே ஓடி அளவைச் சரிசெய்யும், மடை சாத்திக்கொள்ளும். சாத்தின மடை கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். அப்போது இடி விழுந்தாலும் திறக்காது. சேதி வந்த வழியே திரும்பிப் போகாமல் முன்னாலேயே போவது அதனால்தான்.

புஷ்பத்துக்கு வேலையும் அந்த நரம்பில்தான், நாற்பத்தோராவது மடையில். அவளும் ஜெயக்கொடியும் முத்துக்கனியும் அங்கே கூடை தூக்குகிறார்கள். மூன்று பேர் வெள்ளையோடு வெளியே போவார்கள், இரண்டு பேர் சாம்பலோடு திரும்புவார்கள். மூன்றாவது ஆள் வெறுங்கையை வீசிக்கொண்டு வரலாம். அந்த முறை யாருக்கு என்பதில்தான் அவர்களுக்குள் சண்டையெல்லாம்.

ஆறு மணிக்குத் தொட்டுவிட்டு அவள் வரப்பு வழியே விறுவிறுவென்று நடந்தால் தன் தொடுகைக்குக் கொஞ்சம் முன்னால் மடைக்கு வந்துவிடுவாள். வந்து இடுப்புச் சேலையைச் செருகும்போது மடை படார் படார் என்று நாலு முறை திறந்து சாத்தும்.

"வந்துட்டுல்லா உன் தடவல்" என்பாள் ஜெயக்கொடி. "நாலு. எண்ணியாச்சு."

"எண்ணாதிங்க மதினி."

"எண்ணாம? என் மூஞ்சியில அடிச்சுல்லா தொறக்கி. ஒருநாளாச்சும் அஞ்சா தேச்சுப் பாரேம்ட்டி. கையா தேஞ்சு போவும்?"

"அஞ்சு போனா அவிய அங்கன சட்டையக் கருக்கிப்புடுவாவ" என்பாள் முத்துக்கனி.

அழுத்தித் தொட்டாலும் மெல்லத் தொட்டாலும் மடை ஒரே மாதிரிதான் திறக்கும். எத்தனை தடவை என்பது மட்டும்தான் போய்ச் சேரும். புஷ்பம் நாலோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவன் எழுந்துகொள்வது நாலாவதில்தான்.

புரட்டாசி கடைசியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அருளப்பன் போனில் பேசினான். சாப்பிட்டாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்காதபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணு கேட்டா கோவிக்கப்படாது" என்றான். "மூணு வாரமா நீ என் கையத் தொடல."

"தினமும் தொடுதேனே."

"சொல்லுத. நீ சொல்லுதது காதுக்கு வருது. கைக்கு வரலியே, புஷ்பம்."

"ஏங்க, இன்னிக்கும் ஆறு மணிக்கு..."

"நான் இங்கன ராத்திரி துணிய மடிச்சு வச்சிட்டு, வெடிய எந்திச்சு, கைக்காகக் காத்துக் கெடக்கேன். சங்கடமா இருக்கு. இதுல கட்டாயம்னு ஒண்ணும் இல்ல. உனக்குப் பாரமா இருந்தா சொல்லிரு. வெள்ளிக்கிழம சரக்குத் தோணி இருக்கு. அதுல கைய அனுப்பிரு."

அவள் எதுவும் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

கையை அனுப்புவது என்றால் என்ன என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் அந்தக் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மேலத்தெரு லில்லிமலர் போன வருஷம் அனுப்பினாள். சாக்குப்பையில் வைத்துத் தைத்து, விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டில் இருந்த இரண்டு டம்ளரில் ஒன்றைப் பரணில் போட்டாள்.

புஷ்பம் போய்க் கையைப் பார்த்தாள். அவன் நினைத்தால் அது விரலை அசைக்கும். அந்தச் சேதி வருகிற நரம்பு வேறு, அது வேறு ஊர்கள் வழியாக வருகிறது. இரண்டு வாரமாக அவன் நினைக்கவில்லை. கை மரத்தில் செய்து வைத்த மாதிரி கிடந்தது. இப்படிக் கிடக்கிறதே என்று ஆத்திரப்பட்டு அவளும் ஒருநாள் காலையில் அதை நன்றாகக் கிள்ளிவிட்டிருந்தாள். அதற்கும் அது அசையவில்லை.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போல நாலு முறை தேய்த்துவிட்டு மடைக்குப் போனாள். நாலு முறை திறந்தது. நாலு முறை சாத்தியது.

"இங்க வரைக்கும் உசிரோடத்தான் வருது" என்றாள் புஷ்பம். "எங்கனயோ நிக்கி. நான் பின்னாலயே போய்ப் பாக்கப் போறேன், மதினி. என் கூடையப் பாத்துக்கிடுங்க."

"மூணு கூடையும் ரெண்டு பேராத் தூக்கவா?"

"ஓடி ஓடித் தூக்குங்க."

"போ போ" என்றாள் ஜெயக்கொடி. "ஆனா ஒண்ணு. எந்த மடைக்காரியாவது தூங்கிட்டு இருந்தா, எம் பேரச் சொல்லி ஒரு அறை விட்டுட்டு வா."

யாரும் தூங்கவில்லை. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று ஒவ்வொரு மடையாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லா இடத்திலும் கூடைகள் போய்வந்துகொண்டிருந்தன, எல்லா அளவுகோலும் எழுபது காட்டியது. "நாலு போச்சே" என்றார்கள். "உன்னுதா? எங்களுக்கு யாருதுன்னு தெரியாது. நாலு போச்சு, அதான் தெரியும்."

அறுபத்து நாலாவது மடையோடு திறந்த ஓடை முடிகிறது. அதற்கப்பால் உப்புக் குவியலை மூடுகிற மாதிரி, ஓடையைப் பனையோலையால் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு பொட்டு உப்பு கசியாது. கால் மைலுக்கு ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் மட்டும் மடை. சேதி அங்கே ஓடுவதில்லை. ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். புஷ்பம் ரோட்டுக்கு ஏறி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"ஓலை ஓடையோடயே போங்கண்ணே. காலையில போன ஒண்ணப் பின்னால போய்ப் பிடிக்கணும்."

"பிடிக்க முடியாதும்மா" என்றார் ஆட்டோக்காரர். "நான் இருவது வருஷமா ஓட்டுதேன். ஒருநாளும் முந்துனது இல்ல. ஏறு, எங்க போச்சுன்னு வேணா கேட்டுட்டே போவோம்."

எல்லா இடைவெளியிலும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்தான் வந்தது. தாண்டிவிட்டது. கடைசி இடைவெளிக்காரர் கையில் தூக்குச்சட்டியோடு நின்றபடி கடலைக் காட்டினார். "துறைக்குப் போயிட்டும்மா. அங்கதான் போய்க் கேக்கணும்."

நரம்பு கடலோரத்தில் முடிந்துபோகிறது. அதன் மறுபாதி மாலத்தீவின் கரையில் ஆரம்பித்து அருளப்பனின் தோளுக்குப் போகிறது. நடுவில் இருப்பது தண்ணீர்தான். அங்கே மடை கிடையாது, தோணிதான். ஒரு நரம்புக்கு ஒரு துறை, ஒரு துறைக்குத் தோணி விட ஒரு தண்டல். அருளப்பனின் துறைக்குச் சூசை தண்டல். ஆள் படுக்கிற நீளத்துக்குச் சின்னத் தோணிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவற்றில், மடை திறந்த தடவைக்கு ஒன்றாக, வாய் கட்டிய கலயங்களை ஏற்றி விட்டால் ஆளில்லாமலே போய்ச் சேரும், கண் மூடித் திறக்கிற நேரம்தான். அக்கரையில் கலயத்தை உடைத்து, உள்ளே இருப்பதை அங்குள்ள மடையில் தெளிப்பார்கள், சேதி மறுபடி உயிர்பெறும். தெளித்ததை உடனே கழுவி, உடைந்த கலயத்தின் ஓடுகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் ஒரு தடவல் நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கும், மனுஷன் வேலை பார்க்க முடியாது.

புஷ்பம் துறைக்கு வந்தபோது தோணிகள் அத்தனையும் கரையிலேயே நின்றன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பெரும்பாலானவற்றில் நாலு நாலு கலயத்தோடு. எண்ணினாள். இருபத்திரண்டு.

சூசை தண்டல் கயிறு கட்டுகிற கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இதெல்லாம் என்னதுதானா?"

"உன்னுதுதான் தாயி. நாள் வாரியா அடுக்கி வச்சிருக்கேன். ஒரு கலயம் ஒடையல."

"ஏன் போவல?"

தண்டல் வாயைத் திறந்து காட்டினார். உள்கன்னத்தில் ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

"டாக்டர் வெத்தலைய விடச் சொல்லிட்டாரு. மக சத்தியம் வாங்கிட்டா, எந் தலைமேல அடிச்சு. நான் என்ன செய்ய?"

புஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. அந்தத் துறையில் தோணிக் கயிறு சுண்ணாம்புக்குத்தான் அவிழும். சேதி கடைசி மடைக்கு வந்ததும் சுண்ணாம்பு டப்பா தானாகச் சரிந்து தண்டலின் காலடிக்கு வரும். அவர் வெற்றிலையில் தடவி மடித்து வாயில் போட்டு நாலு மெல்லு மெல்ல வேண்டும். சுண்ணாம்பு வாடை எழும்பினதும் கயிறு தன்னால் நழுவும், தோணி போகும். இந்த மூன்று வாரமும் டப்பா ஒழுங்காக வந்திருக்கிறது. தண்டலும் ஒழுங்காக வந்து உட்கார்ந்திருக்கிறார். டப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலியே."

அவள் கல்லுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"கயித்துக்கு எந்த வாயின்னு தெரியுமா, பெரியப்பா?"

தண்டல் யோசித்தார். அவருடைய அப்பாவும் அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் இந்தக் கேள்வி வந்ததில்லை. "வாடைதான் அதுக்கு" என்றார் கடைசியில். "வாய் யாருதுன்னு கயிறு திரும்பிப் பாக்காது."

"அப்ப வெத்தல குடுங்க."

"நீ போட்டுப் பழக்கம் உண்டா?"

"இல்ல."

"ஒண்ணுக்கொண்ணு இடவெளி விடணும். மொத்தமா அவுத்து விட்டா அங்க உள்ள மடை மரத்துப்போகும், ஒண்ணும் தெரியாது. ஒரு வெத்தல மென்னு முடிக்கிற நேரம். இருவத்திரண்டு வெத்தல. வாய் வெந்துரும், தாயி."

அவள் கையை நீட்டினாள்.

முதல் வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போனது. கண்ணில் தண்ணீர் வந்தது. நாலாவது மெல்லில் முதல் தோணியின் கயிறு பாம்புபோல் கல்லைவிட்டு நழுவியது, தோணி மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவது வெற்றிலை வாயில் இருந்தபோது போன் அடித்தது. பேச முடியாது, அதனால் எடுத்துக் காதில் மட்டும் வைத்துக்கொண்டாள்.

"புஷ்பம்" என்றான் அருளப்பன். பின்னால் நீராவி அடிக்கிற சத்தம் கேட்டது. "இப்ப வந்துச்சு. நாலு. அப்புறமும் ஒரு நாலு. நீயா?"

"ம்" என்றாள்.

"ஏன் இவ்ளோ நாளா...?"

"ம்ம்."

"அழுதியா?"

"ம்ஹூம்."

"சரி, பேசாத. வைக்கவா?"

"ம்ஹூம்" என்றாள் அவசரமாக.

அவன் வைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு தோணிக்கும் அவன் "ம்" என்றான், அவளும் "ம்" என்றாள். ஏழாவது வெற்றிலையில் அவளுக்கு நாக்கு தன்னுடையது இல்லை என்பதுபோல் ஆகிவிட்டது. பத்தாவதில் எச்சிலோடு கொஞ்சம் ரத்தமும் வந்தது.

சோற்று நேரத்துக்கு ஜெயக்கொடியும் முத்துக்கனியும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இது என்ன கோலம்! வாயப் பாரு, கொரங்கு மாதிரி வீங்கிக் கெடக்கு" என்றாள் ஜெயக்கொடி. தண்டல் விவரம் சொன்னார். ஜெயக்கொடி கேட்டுவிட்டு, சேலையை உதறி மணலில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு எட்டு வயசுல இருந்து பழக்கம். நான் மெல்லுதேன். என் வாயில இருந்து போறதுன்னு உன் மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம், கூச்சப்படுவாரு."

புஷ்பம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதினோராவது தோணியைக் காட்டினாள். மற்றவை நாலு கலயத்தோடு மிதக்க, அது இருபத்தேழு கலயத்தோடு விளிம்பு வரை அமிழ்ந்து நின்றது.

"அது கிள்ளுன அன்னிக்கு உள்ளது. கிள்ளுனா மடை விடாமத் தொறக்கும்லா" என்றார் தண்டல். "ஏத்தும்போதே நெனச்சேன். கரையிலயே விட்டுரவா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

புஷ்பம் அந்தத் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் யாரிடமோ, கொஞ்சம் இருங்கள் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, வீங்கின நாக்கால் ஒவ்வொரு சொல்லாக, "போவட்டும். அதுவும் நான் தொட்டதுதான்" என்றாள்.

அதற்கு உரிய வெற்றிலையை அவளே மென்றாள்.

கயிறு நழுவியது. தோணி தள்ளாடிக்கொண்டு போனது. கண் மூடித் திறப்பதற்குள் போனில், "ஏட்டி!" என்று ஒரு கூச்சல் கேட்டது. ஏதோ கீழே விழுந்தது. முத்துக்கனி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு அவன் சிரிக்கிற சத்தம் வந்தது. அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. மூச்சு திணறச் சிரித்து, நடுவில் அழுது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இது எந்த நாள்?" என்று கேட்டான்.

"பயினொண்ணு" என்றாள் புஷ்பம்.

"அன்னிக்கு நான் ஒண்ணுமே செய்யலியே."

"அயான்" என்றாள். அதனால்தான் என்று சொல்ல நினைத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

மிச்சம் பதினொன்றையும் மூன்று பேரும் முறை வைத்து மென்றார்கள். கடைசித் தோணி போனதும் அருளப்பன், "நாளைக்குச் சரக்குத் தோணி வரும்லா?" என்றான். "அதுல ஒண்ணும் ஏத்தாத. வெறும் தோணியா வரட்டும். இப்ப வீட்டுக்குப் போ. போய் மோர் குடி."

வீட்டுக்கு வந்து அவள் கட்டிலில் சாய்ந்தபோது கை தலையணையைவிட்டு இறங்கி வந்தது. வழி தடவித் தடவி அவள் தோளுக்கு வந்து, கன்னத்துக்கு வந்து, வீங்கின உதட்டின் மேல் இரண்டு விரலை வைத்து அப்படியே இருந்தது. உதட்டின் சூடு விரல் வழியாக ஓடைக்குள் இறங்கி மடை மடையாகப் போனது. நாற்பத்தோராவது மடையில் ஜெயக்கொடி எண்ணிப் பார்த்தாள், நூறுக்கு மேல் முடியாமல் விட்டுவிட்டாள்.

அன்றைக்கு மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். துறையில் மெல்லுவதற்கு ஜெயக்கொடியின் மாமியாரை முறைக்கு நியமித்தார்கள். அவளுக்கு அதில் வெகு திருப்தி.

எட்டாம் நாள் சூசை தண்டல் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தாயி, கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா? துறையில தோணி திரும்ப எடம் பத்தல. ஒரே வழியில இத்தன போக்குவரத்து இருந்தா கடல் சுருங்கத்தான் செய்யும்."

புஷ்பம் தலையை முடிந்துகொண்டு அவரோடு போய்ப் பார்த்தாள். அக்கரை கூப்பிடு தூரத்துக்கு வந்திருந்தது. தென்னைகளும், ஒரு வெள்ளைக் கட்டடமும், அதன் பின்னால் நீளமான கொடிக்கயிறுகளும் தெரிந்தன. மீன்காரர்கள் வலையை வடக்கே மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் காற்று வாங்க வந்தவர்கள் மாலத்தீவில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்புகளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை வராது என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.